கொக்குவிலில் இருந்து ரொக்கெட் லீக்: மூன்று நாடு, மூன்று பெட்டி, ஒரு அணி

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் புட்டு ஆறு மணிக்கே அவிந்துவிடும். ஏழு மணிக்குள் எல்லாரும் சாப்பிட்டு, கோப்பைகளைக் கழுவி, அம்மாவுக்கு மருந்தையும் கொடுத்துவிட்டு, ஏழரைக்குக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருப்போம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இரவு ஏழரை என்றால் கனடாவின் ஸ்காபரோவில் காலை பத்து, பாரிசில் பின்னேரம் நாலு. தம்பி வேலைக்குப் புறப்படுவதற்கு முன்னால், அக்காவின் மகள் நடன வகுப்பு முடிந்து வந்த பிறகு, என் மகனுக்கு ரியூசன் இல்லாத வேளையில், மூன்று வீட்டுக்கும் சரிவருகிற ஒரே நேரம் அதுதான். அந்த ஒன்றரை மணித்தியாலம் வேறு வேறு பெட்டிகளில் இருந்து ஒரே விளையாட்டைச் சேர்ந்து விளையாட நாங்கள் பயன்படுத்துகிற சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஏறத்தாழ மூன்று வருடம் விடாமல் பயன்படுத்திய பிறகு எழுதுவதால் நல்லதையும் குறையையும் நிதானமாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

விளையாட்டின் பெயர் ரொக்கெட் லீக். கார் ஓட்டி உதைபந்தாட்டம் ஆடுவது. சுற்றிவர மதில் கட்டிய மைதானம், இரண்டு பக்கமும் கோல், நடுவில் காரைவிடப் பெரிய பந்து. கார் பாயும், மதிலில் ஏறும், பின்னால் நெருப்புக் கக்கி ஆகாயத்திலும் பறக்கும். ஒரு ஆட்டம் 5 நிமிடம். விதிகளை விளங்கிக்கொள்ள அரை நிமிடம் போதும். பந்தை நினைத்த இடத்துக்கு அடிக்கப் பழக மாதக்கணக்கில் எடுக்கும்.

ஆனால் நான் இங்கே மதிப்பிட வந்தது விளையாட்டைவிட, அதன் பின்னால் இருக்கிற இணைப்பை. தம்பியிடம் இருப்பது ரிவியில் மாட்டி விளையாடுகிற பிளேஸ்டேஷன் 5 என்ற பெட்டி. அக்காவின் மகளிடம் இருப்பது கையிலும் பிடித்து விளையாடக்கூடிய நின்டெண்டோ ஸ்விட்ச். எங்களிடம் இருப்பது கஸ்தூரியார் வீதியில் பாவித்த சாமான் விற்கிற ஒரு கடையில் வாங்கிய பழைய அலுவலகக் கொம்பியூட்டர். மூன்றும் வேறு வேறு கொம்பனிகளின் வழியில் வந்தவை, ஒன்றின் கடையில் வாங்கியதை மற்றதில் போட முடியாது. அப்படி இருந்தும் மூன்று பேரும் ஒரே அணியில், ஒரே நிறக் காரில், ஒரே மைதானத்தில் நிற்கிறோம். மைக்ரோசொப்டின் எக்ஸ்பொக்ஸ் பெட்டி வைத்திருக்கிற ஒருவர் நாளைக்கு வந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

இது எங்களுக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் சகோதரங்கள் எல்லாம் ஒரே ஊரில் இருக்கிற வீடு குறைவு. தம்பி 2012 இல் கனடா போனான். அக்கா அதற்கு முன்பே கலியாணம் கட்டி பிரான்சுக்குப் போய்விட்டா. கிழமைக்கு ஒருக்கால் வட்ஸ்அப்பில் கதைப்போம். "சாப்பிட்டியா, குளிரா, அம்மாவுக்குச் சீனி எவ்வளவு" என்று கேட்டு முடிந்தால் பிறகு கதைக்க ஒன்றும் இருக்காது. பாசம் இல்லாமல் இல்லை. சேர்ந்து செய்ய ஒரு வேலை இல்லை, அதுதான் காரணம். ஒன்றாய் இருந்த காலத்தில் நாங்கள் உட்கார்ந்து கதைத்ததே கிடையாது. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட வீட்டில் வளர்ந்தவர்கள். பின்னேரம் ஆனால் ஒழுங்கையில் கோடு கீறிக் கிளித்தட்டு விளையாடுவோம். கத்துவோம், சண்டை பிடிப்போம், "அவுட்" இல்லை என்று அடம் பிடிப்போம். எங்களுக்குள் இருந்த கதை முழுக்க அதுதான். ரொக்கெட் லீக்கில் அந்தக் கத்தல் திரும்ப வந்தது.

தொடங்கி வைத்தது என் மகன். அயல்வீட்டுப் பெடியனிடம் பார்த்துவிட்டு வந்து, பிளேஸ்டேஷன் வேண்டும் என்று நின்றான். அது 2022. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயைச் சுற்றி நின்ற டொலர் சில கிழமைக்குள் 300 ஐத் தாண்டிய காலம். நான் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதுகிறவள். அந்த விலையில் ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்குவதைப் பற்றி நினைக்கவே முடியாது. தம்பியிடம் சொல்லிக் கவலைப்பட்டபோது அவன்தான் சொன்னான்:

"அக்கா, என்னட்டயும் அந்த கேம் இருக்கு. அவனுக்குப் பெட்டி வேண்டித் தர வேண்டாம். ஒரு பழைய கொம்பியூட்டர் போதும், அதில இருந்து என்னோட விளையாடலாம்."

நான் நம்பவில்லை. என் தலைமுறைக்குப் பழகிய கணக்கு வேறு. ஒரே விளையாட்டை விளையாட வேண்டுமென்றால் ஒரே சாமான் வேண்டும். அந்தக் கணக்கை இந்த உலகம் வெகுகாலம் அப்படித்தான் வைத்திருந்தது என்பதைப் பிறகு தேடி வாசித்தபோது அறிந்தேன்.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைக்கு நாங்கள் சாதாரணமாக அழுத்துகிற ஒரு பொத்தானுக்குப் பின்னால் பல வருட இழுபறி இருக்கிறது. கணினியையும் விளையாட்டுப் பெட்டியையும் ஒரே உலகத்தில் இணைத்த விளையாட்டுகள் 2000 களின் தொடக்கத்திலேயே வந்தன. பைனல் பான்ரசி 11 என்ற விளையாட்டில் பிளேஸ்டேஷன் 2 காரரும் கணினிக்காரரும் சேர்ந்தே திரிந்தார்கள். 2007 இல் மைக்ரோசொப்ட், கேம்ஸ் போ விண்டோஸ் லைவ் என்ற சேவையைக் கொண்டுவந்தது. ஷடோரன் என்ற சுடுகிற விளையாட்டில் எக்ஸ்பொக்ஸ் 360 காரரும் விண்டோஸ் விஸ்ரா காரரும் ஒரே களத்தில் இறங்கினார்கள். யோசனை நல்லது, ஆனால் அந்தச் சேவை நிலைக்கவில்லை. சுடுகிற விளையாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுட்டியால் குறிபார்க்கிறவரின் கை, கொன்ட்ரோலரின் சிறு குமிழைத் திருப்புகிறவரின் கையைவிட வேகமானது. அதைச் சமப்படுத்தக் கொன்ட்ரோலர்காரருக்குக் குறிபார்க்க விளையாட்டே உதவி செய்ய வேண்டியிருக்கும். அந்த உதவி கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்ற வாதம் இன்றைக்கும் ஓயவில்லை.

ரொக்கெட் லீக்கில் குறிபார்க்க ஒன்றும் இல்லை. காரைத் திருப்புவது, பாய்வது, எரிபொருளை எரிப்பது, அவ்வளவுதான். அதனால் விசைப்பலகையோ கொன்ட்ரோலரோ, எது கையில் இருந்தாலும் பெரிய அநியாயம் நடக்காது. இந்த இணைப்புக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு இல்லை என்பது என் எண்ணம். சயோனிக்ஸ் என்ற நிறுவனம் 2015 ஜூலையில் இதை வெளியிட்டபோதே கணினியும் பிளேஸ்டேஷன் 4 உம் சேர்ந்து விளையாட முடிந்தது. 2016 இல் எக்ஸ்பொக்ஸ் காரர் கணினிக்காரரோடு சேர்ந்தார்கள். 2017 இல் ஸ்விட்ச் வந்தது. ஆனால் பிளேஸ்டேஷன் காரரும் எக்ஸ்பொக்ஸ் காரரும் ஒருவரை ஒருவர் காண முடியாதபடி பிளேஸ்டேஷனைச் செய்கிற சோனி கதவைச் சாத்தியே வைத்திருந்தது. 2018 செப்டெம்பரில் போர்ட்னைட் விளையாட்டுக்காக அந்தக் கதவு முதலில் திறந்தது, 2019 ஜனவரியில் ரொக்கெட் லீக்குக்கும் திறந்தது. அடுத்த மாதமே, எந்தப் பெட்டிக்காரரையும் பெயர் தேடி நண்பராக்கி ஒரே அணியாகச் சேர்க்கிற வசதி வந்தது. அதுவரை யாரோ முன்பின் தெரியாதவரோடு தற்செயலாகத்தான் சந்திப்பு. தெரிந்தவரோடு என்றால் தனி ஆட்டம் ஒன்றைத் திறந்து, பெயரும் கடவுச்சொல்லும் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதே 2019 இல் போர்ட்னைட்டைச் செய்த எபிக் கேம்ஸ் சயோனிக்ஸை வாங்கியது. 2020 செப்டெம்பர் 23 இல் இருந்து விளையாட்டு இலவசம்.

சரி, எங்கள் வீட்டுக்கு வருவோம்.

கொம்பியூட்டர் நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். அதற்குள் ஒரு சிறிய ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்ட்டைத் தனியாக வாங்கிப் போட்டோம். படத் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கினால் செக்கனுக்கு 60 படம் தடையில்லாமல் ஓடுகிறது. புல் பச்சைத் துணி மாதிரித்தான் தெரியும், நிழல் இருக்காது. பந்து வடிவாகத் தெரிகிறது, அது போதும். விளையாட்டை இறக்க ஏறத்தாழ 20 ஜிபி வேண்டும். எங்களிடம் அப்போது இருந்தது பகலுக்கு ஒரு அளவு, இரவுக்கு ஒரு அளவு என்று டேற்றாவைப் பிரித்துத் தருகிற பொதி. அதனால் இரண்டு இரவுகள் நடுச்சாமத்துக்குப் பிறகு எழும்பி இறக்கத்தைத் தொடக்கிவிட்டுப் படுத்தேன். இறக்கி முடித்தபின் விளையாடுவதற்கு டேற்றா அதிகம் போகவில்லை. எங்கள் பொதியின் கணக்கில் பார்த்தால், ஒரு மணித்தியாலம் விளையாடுவது ஒரு மணித்தியாலம் யூடியூப் பார்ப்பதைவிடக் குறைவு. இடைக்கிடை வருகிற புதுப்பிப்புகள்தான் டேற்றாவைத் தின்னும்.

எல்லாவற்றையும் கட்டி வைப்பது எபிக் கணக்கு. கணினியில் எபிக்கின் செயலி மூலம் விளையாட்டை எடுத்தால் அந்தக் கணக்கோடுதான் தொடங்கும். பிளேஸ்டேஷனிலும் ஸ்விட்சிலும் முதல்தரம் திறக்கும்போது எபிக் கணக்கோடு இணைக்கச் சொல்லும். இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். தம்பியிடம் போர்ட்னைட் விளையாடிய பழைய எபிக் கணக்கு ஒன்று இருந்தது. அதை மறந்து, அவசரத்தில் புதியதொன்றைத் தொடங்கிவிட்டான். பிறகு பழைய கணக்குக்கு மாற்ற ஒரு முழுச் சனிக்கிழமை போய்விட்டது. வீட்டில் யாருக்காவது எபிக் கணக்கு ஏற்கனவே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இருந்தால் அதன் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்துவிட்டுப் பெட்டியைத் திறவுங்கள்.

கணக்கு சரியாகிவிட்டால் மிச்சம் சுகம். நண்பர் பட்டியலில் எபிக் பெயரைத் தேடிக் கோரிக்கை அனுப்பினால் மற்றவருடைய திரையில் போய் நிற்கும். அவர் ஏற்றுக்கொண்டால் பிறகு ஒரு பொத்தான்தான். முதல் நாள் தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை அடையாளம் வந்தபோது மகன் கதிரையில் எழும்பி நின்றான். அழைத்தான். இரண்டு செக்கனில் எங்கள் காருக்குப் பக்கத்தில் இன்னொரு கார் வந்து நின்றது. அம்மா கட்டிலில் இருந்தபடி, "உதில ஆர் எங்கட பிள்ளை?" என்று கேட்டா. மகன் திரையைத் தொட்டுக் காட்டினான்: "இந்த நீலக் கார், அம்மம்மா. தொப்பி போட்டது மாமா." அதற்குப் பிறகு அம்மா ஒவ்வொரு ஞாயிறும் தொப்பிக் காரைத்தான் தேடுவா.

இன்னொரு நல்ல விஷயம், மாதச் சந்தா தேவையில்லை. பிளேஸ்டேஷனில் ஒன்லைனில் விளையாடப் பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் பணம் கட்ட வேண்டும், ஆனால் இலவச விளையாட்டு என்பதால் இதற்கு வேண்டாம். ஸ்விட்சிலும் அப்படித்தான். அக்கா முதலில் கேட்டதே அதைத்தான்: "மாசம் மாசம் வெட்டுவாங்களோ?" வெட்டவில்லை. கடையில் விற்பதெல்லாம் காரின் நிறம், சில்லு, தொப்பி போன்ற அலங்காரங்கள். காசு கொடுத்தவருடைய கார் வேகமாக ஓடாது. நாங்கள் இன்றுவரை ஒரு சதமும் செலவழிக்கவில்லை, அதனால் ஒரு ஆட்டத்திலும் பின்தங்கியதில்லை. பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இது பெரிய ஆறுதல்.

இனி, யாழ்ப்பாணத்தில் இருந்து விளையாடுகிறவர் கட்டாயம் அறிய வேண்டியது: தூரம். பந்து எங்கே நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது எங்கள் வீட்டுக் கொம்பியூட்டர் இல்லை, எங்கோ இருக்கிற சேவையகம், அதாவது விளையாட்டை நடத்துகிற நிறுவனத்தின் கணினி. நான் பொத்தானை அழுத்திய செய்தி அங்கே போய், பதில் திரும்பி வர எடுக்கிற நேரத்தைத்தான் பிங் என்கிறார்கள். மில்லி செக்கனில் அளப்பது. விளையாட்டு கெட்டித்தனமாக அந்த இடைவெளியை மறைக்கிறது. பந்து அடுத்து எங்கே போகும் என்று என் கொம்பியூட்டரே ஊகித்துப் படம் காட்டுகிறது. ஊகம் சரியென்றால் ஒன்றும் தெரியாது. தூரத்தில் இன்னொருவர் அந்தப் பந்தைத் தட்டியிருந்தால் ஊகம் பிழைத்துப்போகும், பந்து சட்டென்று வேறு இடத்துக்குத் தாவும். நான் அடித்தேன் என்று நினைத்த பந்து என் பின்னால் நிற்கும்.

எந்தப் பிரதேசத்துச் சேவையகத்தில் ஆடுவது என்பதை விளையாட்டே தெரிவு செய்ய விடுகிறது. மகன் தனியே விளையாடும்போது தென்கிழக்கு ஆசியாவைத் தெரிவு செய்கிறான், பிங் நூறுக்குக் கீழே நிற்கிறது. அமெரிக்கக் கிழக்கைத் தெரிவு செய்தால் தம்பிக்குச் சுகம், எங்களுக்கு 250 ஐத் தாண்டும், விளையாட முடியாது. அதனால் நடுவில் நிற்கிற ஐரோப்பாவைப் பிடித்தோம். அக்காவின் மகளுக்கு 20, தம்பிக்கு 100 சொச்சம், எங்களுக்கு 170 அளவில். 170 இல் ஆகாயத்தில் பறந்து அடிப்பது கடினம், ஆனால் கோலைக் காத்து நிற்கலாம், பந்தை ஒதுக்கிக் கொடுக்கலாம். ஆகவே நான் பின்னால் நிற்பேன். குடும்பத்துக்குள் யார் எவ்வளவு கஷ்டத்தைச் சுமப்பது என்று பேசித் தீர்த்துக்கொண்டோம். அணியாகச் சேர்ந்தால் தலைவராக இருப்பவருடைய பிரதேசத் தெரிவுதான் செல்லும். எனவே எங்கள் அக்காவின் மகள் மாதிரி நடுவில் இருக்கிறவரைத் தலைவராக்கி, அவரையே அழைக்கச் சொல்லுங்கள் என்பது நான் பட்டறிந்த பாடம்.

தூரத்தால் வருகிற தாமதம் எப்போதும் ஒரே அளவு, அதற்குக் கை பழகிவிடும். பழகவே முடியாதது நிலையில்லாத இணைப்பு. எங்களுடைய முதல் இணைப்பு சிம் போட்ட வீட்டு ரூற்றர். இரவு எட்டு மணிக்குப் பிறகு ஊரே இணையத்தில் ஏறும்போது பிங் 170 இல் இருந்து 600 க்குப் பாயும், திரும்பி வரும், மறுபடி பாயும். திரையின் ஓரத்தில் சிவப்பு அடையாளம் எரியும். தொலைபேசியில் அழைத்து முறைப்பாடு செய்தேன், "உங்கட ஏரியாவில் சனம் கூட" என்ற பதில்தான் கிடைத்தது. ஆறு மாதம் பொறுத்துவிட்டு பைபர் இணைப்புக்கு மாறினோம். தொலைபேசிக் கோபுரத்துக்குப் பக்கத்தில் வீடு என்பதால் சிம் ரூற்றர் போதும் என்று இருந்தது பிழை. ரூற்றரில் இருந்து கொம்பியூட்டருக்கு வைஃபையை விட்டுவிட்டு வயர் இழுத்ததும் இன்னும் கொஞ்சம் திருந்தியது. 15 மீற்றர் வயர்தான், செலவோடு பார்த்தால் அதைவிட நல்ல முதலீடு இந்த விஷயத்தில் இல்லை.

கரண்டும் ஒரு பிரச்சினை. பாதி ஆட்டத்தில் கரண்ட் போனால் தரவரிசை இல்லாத ஆட்டத்தில் எங்கள் இடத்துக்குக் கணினி ஓட்டுகிற கார் வந்து நிற்கும், அணி தவிக்காது. தரவரிசை ஆட்டத்தில் அப்படியில்லை. நீங்கள் திரும்பி வரவில்லையென்றால் மற்றவர்கள் ஆள் குறைவோடு தவிப்பார்கள், உங்களுக்கும் சில நிமிடம் தடை விழும், திரும்பத் திரும்ப நடந்தால் தடை நீளும். கரண்ட் போய்வருகிற இடத்தில் யூபிஎஸ் இல்லாமல் தரவரிசைப் பக்கம் போகவேண்டாம்.

இப்போது அந்த ஒரு ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். போன ஆவணியில் நடந்தது. தம்பி, அக்காவின் மகள், நான். மகன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வட்ஸ்அப்பில் குழு அழைப்பைப் போட்டு, போனை அம்மாவின் மடியில் வைத்திருந்தோம். கோல் இரண்டுக்கு இரண்டு. மணி 0:00 ஆகிவிட்டது. இந்த விளையாட்டில் மணி முடிந்ததும் ஆட்டம் முடியாது, பந்து நிலத்தில் பட வேண்டும். பந்து ஆகாயத்தில் இருக்கும்வரை ஆட்டம் உயிரோடு இருக்கும். நான் கோலுக்குள் நிற்கிறேன். எதிரணிக்காரர் அடித்த பந்து மதிலில் பட்டு என் தலைக்கு மேலால் வருகிறது. சுட்டியின் வலது பொத்தானை அழுத்தி எழும்பி, கார் முகப்பால் தட்டினேன். அது நேராக மேலே போனது.

"விடாதையக்கா! நிலத்தில பட விடாதை!" தம்பியின் குரல் போனில் உடைந்து கேட்டது.

அவன் மதிலில் ஏறி வந்து, பக்கவாட்டில் பாய்ந்து, நடுக்கோட்டைத் தாண்டி அனுப்பினான். பந்து இறங்குகிறது. கீழே ஒருவரும் இல்லை என்றுதான் நினைத்தேன். அங்கே அக்காவின் மகள் நின்றாள். பதினொரு வயது, ஸ்விட்சைக் கையில் பிடித்து விளையாடுகிற பிள்ளை. எரிபொருள் தீர்ந்துபோன கார். அவள் பறக்கவில்லை, காரை மெல்ல ஓட்டிக்கொண்டு வந்து ஒரு சின்னப் பாய்ச்சல், காரின் கூரையில் பந்து பட்டது, கோலுக்குள் போனது. மூன்றுக்கு இரண்டு.

"சித்தி! சித்தி! நான் அங்கயே நிண்டனான்! மாமா சொன்ன இடத்திலயே நிண்டனான்!"

அவள் பிரெஞ்சிலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தியதில் எனக்குப் பாதிதான் விளங்கியது. பந்துக்குப் பின்னால் எல்லாரும் ஓடாதே, உன் இடத்தில் நில் என்று தம்பி மாதக்கணக்கில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது கிளித்தட்டில் இருந்து எடுத்த பாடம். கிளித்தட்டில் உன் கோட்டைவிட்டு நீ நகர்ந்தால் அடுத்தவன் புகுந்துவிடுவான். அவள் கிளித்தட்டைப் பார்த்ததே கிடையாது. கொக்குவில் ஒழுங்கையையும் இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறாள். அம்மா போனைக் காதில் வைத்து, "ஆர் பிள்ளை அடிச்சது, நீயோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தா.

பிள்ளைகளை விளையாட விடுகிற பெற்றோருக்கு ஒன்று. கணக்குத் தொடங்கும்போது பிறந்த திகதியைப் பொய்யாகப் போடாதீர்கள். சரியான வயதைப் போட்டால் பெற்றோரின் மின்னஞ்சலைக் கேட்கும். நீங்கள் ஒப்புதல் கொடுக்கும்வரை பிள்ளையால் பிறரோடு எழுதிக் கதைக்கவோ காசு செலவழிக்கவோ முடியாது, விளையாட முடியும். அதற்குப் பிறகும் 6 இலக்க இரகசிய எண்ணை வைத்து எதைத் திறப்பது, எதைப் பூட்டுவது என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம். நாங்கள் மகனுக்கு எழுத்து அரட்டையை இன்னும் பூட்டியே வைத்திருக்கிறோம். காரணம் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது, கோல் விட்ட பிள்ளையைப் பார்த்து "என்ன ஒரு தடுப்பு!" என்று நக்கலாகத் திரும்பத் திரும்ப அனுப்புகிறவர்கள் உண்டு. பாராட்டுவதற்காக வைத்த சொல், குத்துவதற்குப் பயன்படுகிறது. ஒருநாள் மகன் அதனால் அழுதபடி எழும்பிப் போனான். அன்றைக்கே அமைப்புகளுக்குள் போய், அணிக்காரரின் செய்தி மட்டும் தெரியும்படி மாற்றினேன். இதை விளையாட்டே பிள்ளைகளுக்கு முதலில் பூட்டித் தந்திருக்க வேண்டும் என்பது என் முறைப்பாடு.

வேறு குறைகளையும் சொல்ல வேண்டும். இலவசமான நாளில் இருந்து ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் புதிதாக யாரும் எடுக்க முடியாது, கணினியில் எபிக் வழி ஒன்றுதான். லினக்ஸ், மாக் ஆதரவை 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள். வளாகத்துப் பெடியள் சிலர் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுப் பாவிக்கிறார்கள், அவர்களுக்கு இது இழப்பு. விளையாடுகிறவர்கள் தங்களுக்குள் அலங்காரங்களை மாற்றிக்கொள்கிற வசதியை 2023 டிசெம்பரில் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் தம்பி ஒரு கொம்பியூட்டரில் தன் கணக்கைத் திறந்து, தன்னிடம் இரண்டாக இருந்த ஊதாச் சில்லை மருமகனுக்குக் கொடுத்திருந்தான். மகன் அந்த ஊதாச் சில்லை இன்னும் கழற்றவில்லை. ஒரு மாமன் பிள்ளைகளுக்கு எதையாவது கையில் கொடுக்கிற அந்தச் சின்ன வழியை மூடியது எனக்கு உண்மையில் வருத்தம். இணைப்பை இவ்வளவு கவனமாகக் கட்டியவர்கள் அதையும் விட்டிருக்கலாம்.

தமிழ் இல்லை என்பதும் குறைதான். அக்காவின் மகள் பிரெஞ்சில் விளையாடுகிறாள், நாங்கள் ஆங்கிலத்தில். அம்மா மாதிரி ஒருவர் வந்து இருந்தால் எந்தப் பொத்தான் எதற்கென்று பக்கத்தில் ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதே வசதி வேறு விளையாட்டுகளிலும் வந்துவிட்டது. மைன்கிராப்ட், போர்ட்னைட் இரண்டிலும் கணினியும் பெட்டியும் கைத்தொலைபேசியும்கூடச் சேர்ந்து விளையாடலாம். மைன்கிராப்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், போர்ட்னைட்டில் துவக்கு. எங்கள் வீட்டில் துவக்கு விளையாட்டு வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டா. அதற்கு மேல் நாங்கள் கதைக்கவில்லை.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நாலரை கொடுப்பேன். குறைத்த அரையில் பாதி அரட்டைக்கு, பாதி ஊதாச் சில்லுக்கு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் கிழமையே முன்பின் தெரியாதவர்களோடு மோதவேண்டாம். தனி ஆட்டம் ஒன்றைத் திறந்து, பெயரும் கடவுச்சொல்லும் வைத்து, உங்கள் ஆட்கள் ஒரு பக்கம், கணினி ஓட்டுகிற கார்கள் மறுபக்கம் என்று பழகுங்கள். எங்கள் அறையின் பெயர் புளியடி. எங்கள் ஒழுங்கை முகப்பில் நின்ற மரம்.

நேரத்தையும் இப்போதே பேசி வையுங்கள். ஒக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் மணிக்கூட்டைப் பின்னுக்கு வைப்பார்கள், ஸ்காபரோவில் நவம்பர் முதல் ஞாயிறுதான். இரண்டும் மாறியபின் நாங்கள் எட்டரைக்குத் தொடங்குவோம், அவர்களுக்கு அதே பத்தும் நாலும். இடையில் வருகிற அந்த ஒரு ஞாயிறுதான் இடக்கு. ஏழரைக்கு என்றால் பாரிசில் மூன்று மணி, பிள்ளைக்கு நடன வகுப்பு. எட்டரைக்கு என்றால் ஸ்காபரோவில் பதினொன்று, ஆடி முடிக்க முன்னம் தம்பி வேலைக்குப் புறப்பட வேண்டும். போன வருடம் அந்த ஞாயிறு தம்பியின் இடத்தில் அக்கா வந்து, மகளின் ஸ்விட்சை வாங்கி இரண்டு ஆட்டம் ஆடினா. இந்த வருடம் அதற்கு இப்போதே பழகத் தொடங்கிவிட்டா.